மலையாறுகளில் டிரவுட் மீன்வளம்

உள்நாட்டு மீன்வளம் என்றவுடன் ஏரிகளும் நீர்த்தேக்கங்களும், அவற்றில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை வகைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் காஷ்மீரிலிருந்து அருணாசலப் பிரதேசம் வரை நீண்டு கிடக்கும் இமயமலைச் சரிவுகளில் முற்றிலும் வேறான ஒரு நீருலகம் இருக்கிறது. பனியுருகியும் ஊற்றெடுத்தும் பாறைகளுக்கிடையே விரைந்து பாயும் அந்த ஆறுகளில் சமவெளிக் கெண்டைகள் செழிப்பதில்லை. அங்கே வாழ்வன குளிர்நீர் மீன்கள். அவற்றுள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, இன்று மலை மாநிலங்களின் பொருளாதாரத்தில் ஓர் இடம் பெற்றுள்ளது டிரவுட்.

டிரவுட் வளர்ப்புக்கு அரசு பல ஆண்டுகளாக ஊக்கமளித்து வருகிறது. குஞ்சு பொரிப்பகங்கள் அமைக்கப்பட்டுள்ளன; ஆண்டுதோறும் மீன்குஞ்சுகள் ஆறுகளில் விடப்படுகின்றன. ஆயினும் விடப்பட்ட குஞ்சுகளின் எண்ணிக்கை ஓர் ஆற்றின் மீன்வளத்துக்கு அளவுகோல் ஆகாது. அக்குஞ்சு அந்த ஆற்றிலேயே வளர்ந்து, அங்கேயே முட்டையிட்டு இனம் பெருக்க முடிகிறதா என்பதே உண்மையான அளவுகோல். முடியாவிடில் நாம் செய்வது மீன்வள வளர்ச்சியன்று. நீரற்ற வயலில் மீண்டும் மீண்டும் விதைப்பதற்கு ஒப்பான செயலே ஆகும்.

டிரவுட் வந்த வரலாறு

நம் நாட்டில் இப்போது காணப்படும் டிரவுட் வகைகளில் இரண்டு முதன்மையானவை. ஒன்று ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட பழுப்பு டிரவுட். மற்றொன்று வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்குரிய வானவில் டிரவுட். இரண்டும் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், பெரும்பாலும் தூண்டில் விளையாட்டுக்காகவே கொண்டுவரப்பட்டன.

நெடுந்தொலைவிலிருந்து இம்மீனைக் கொண்டுவர முடிந்ததற்கு அதன் முட்டையின் இயல்பே காரணம். கருவுற்ற முட்டைக்குள் வளரும் குஞ்சின் கண்கள் இரு கரும்புள்ளிகளாகத் தோன்றும் ஒரு நிலை உண்டு. இந்நிலையை எட்டிய முட்டைகள் ஓரளவு அசைவைத் தாங்கும். அவற்றை ஈரமான பாசிக்கிடையே அடுக்கி, பனிக்கட்டியால் குளிர்வித்து, கப்பலில் அனுப்பும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்டிருந்தது.

காஷ்மீரில் பிராங்க் மிட்செல் என்பவரின் முயற்சியால் ஸ்காட்லாந்திலிருந்து பழுப்பு டிரவுட் முட்டைகள் தருவிக்கப்பட்டன. 1899-இல் செய்த முதல் முயற்சி பலிக்கவில்லை. 1900-இல் மீண்டும் வரவழைக்கப்பட்ட முட்டைகள் உயிருடன் வந்து சேர்ந்தன. அவற்றின் வழிவந்த மீன்கள் ஸ்ரீநகருக்கு அருகிலுள்ள ஹர்வான் பொரிப்பகத்தில் பெருக்கப்பட்டு, லித்தர், சிந்த், பிரிங்கி முதலிய ஓடைகளில் பரவின. 1909-இல் ஜி.சி.எல். ஹோவெல் என்ற அதிகாரி காஷ்மீரிலிருந்து இம்மீனைக் குலு பள்ளத்தாக்குக்குக் கொண்டு சென்றார். பியாஸ் ஆறும் அதன் துணையாறுகளும் டிரவுட் நீர்களாக மாறின. உத்தரகண்டில் அஸ்ஸி கங்கையிலும், அதன் தலைப்பிலுள்ள தோடிதால் ஏரியிலும் அவ்வாறே பழுப்பு டிரவுட் நிலைபெற்றது.

தென்னகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற 1860-களில் பிரான்சிஸ் டே செய்த முயற்சிகள் தோல்வியுற்றன. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச்.சி. வில்சன் வானவில் டிரவுட்டைக் கொண்டுவந்து வெற்றி கண்டார். அவலாஞ்சியில் பொரிப்பகமும் அமைந்தது.

விடுதலைக்குப் பின் இப்பணி விளையாட்டு என்ற எல்லையைக் கடந்து உணவு உற்பத்தியாகவும் வேலைவாய்ப்பாகவும் விரிந்தது. 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியுடன் காஷ்மீரின் கோக்கர்நாகில் பெரிய டிரவுட் பண்ணைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1980-களின் இறுதியில் நார்வே நாட்டின் ஒத்துழைப்புடன் குலு மாவட்டத்துப் பட்லிகுல் பண்ணை நவீனமாக்கப்பட்டது. குளிர்நீர் மீன்வள ஆராய்ச்சிக்கெனத் தனி நிலையம் 1987-இல் நிறுவப்பட்டது. அது இன்று உத்தரகண்டின் பீம்தாலிலிருந்து இயங்கி வருகிறது.

மீனின் தேவைகள் மூன்று

டிரவுட் எல்லா நீரிலும் வாழக்கூடிய மீன் அன்று. அதன் தேவைகளைக் குளிர்ச்சி, பிராணவாயு, கூழாங்கல் என மூன்றாகக் கூறலாம்.

10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள நீரில் டிரவுட் நன்கு உண்டு வளர்கிறது. 20 டிகிரிக்கு மேல் நீடித்தால் தளர்ச்சியடைகிறது. இதற்கு நீரில் கரைந்துள்ள பிராணவாயுவுடன் நெருங்கிய தொடர்பு உண்டு. கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில், 10 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும்; 20 டிகிரியில் அது 9 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். நீர் சூடேறும்போது மீனின் பிராணவாயுத் தேவையோ கூடுகிறது. வரவு குறையும் வேளையில் செலவு மிகுவதே வெப்பநீரில் இம்மீன் வாழ இயலாமைக்கு முக்கியமான காரணம். கற்களில் மோதி நுரைத்து ஓடும் ஆறு காற்றைத் தன்னுள் கலந்துகொள்வதால், ஓட்டம் இருக்கும் வரை இத்தேவை நிறைவேறுகிறது.

மூன்றாவது தேவையான கூழாங்கல்லே பலராலும் கவனிக்கப்படாதது. பழுப்பு டிரவுட் இலையுதிர் பருவத்தின் பிற்பகுதியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும் முட்டையிடுகிறது. பெண் மீன் ஆழமற்ற, தெளிந்த நீரோடும் இடத்தைத் தேர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்துக் கூழாங்கற்களைக் கிளறிப் பள்ளம் செய்கிறது. அதில் முட்டைகளை இட, ஆண் மீன் அவற்றைக் கருவுறச் செய்கிறது. பிறகு பெண் மீன் சற்று மேற்புறத்தில் மீண்டும் கிளறி, அக்கற்களால் முட்டைகளை மூடிவிடுகிறது. கற்களின் இடுக்குகளில் ஊடுருவும் நீரே முட்டைகளுக்குப் பிராணவாயுவைக் கொண்டு சேர்க்கிறது.

10 டிகிரி வெப்பத்தில் இம்முட்டைகள் பொரிய ஏறத்தாழ 40 நாட்கள் ஆகும். 5 டிகிரியில் அதைப்போல் இருமடங்கு காலம் வேண்டும். பொரிந்த குஞ்சுகளும் வயிற்றிலுள்ள கருவுணவு தீரும்வரை மேலும் சில வாரங்கள் கற்களுக்கடியிலேயே தங்குகின்றன. ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரை, வெளியே ஒரு மீனும் தென்படாத காலத்தில், அடுத்த தலைமுறை முழுவதும் ஆற்றின் படுகைக்குள் புதைந்திருக்கிறது. அக்காலத்தில் படுகை வறண்டாலும், வண்டல் படிந்து இடுக்குகள் அடைபட்டாலும், சரளைக்காகக் கற்கள் தோண்டப்பட்டாலும் அந்தத் தலைமுறையே அழிகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு அவ்விழப்பு தெரிவதில்லை.

தூண்டில் மீன்பிடிப்பும் அதன் பொருளாதாரமும்

டிரவுட் நீர்களில் வலைக்கு இடமில்லை. உரிமம் பெற்றுத் தூண்டிற்கோல் கொண்டே மீன் பிடிக்க வேண்டும். ஆற்றுப் பூச்சிகளே டிரவுட்டின் முக்கிய உணவு. கற்களுக்கடியில் இளம்புழுவாக வாழ்ந்து, பருவம் வந்ததும் நீர்மட்டத்துக்கு எழுந்து சிறகு விரிக்கும் பூச்சிகளை அது பாய்ந்து கவ்வுகிறது. அதனால் இறகும் நூலும் கொண்டு அப்பூச்சிகளைப் போலவே கட்டப்பட்ட செயற்கை ஈக்களை முள்ளில் அமைத்து வீசுகின்றனர். சுழலும் உலோகத் தகடும் பயன்படுகிறது. பாறையின் மறைவு, வேக நீரும் மெதுநீரும் சந்திக்கும் விளிம்பு, மடுவின் தலைப்பு ஆகிய இடங்களில் மீன் தன் ஆற்றலை வீணாக்காது இரைக்குக் காத்திருக்கும். இவ்விடங்களை அறிந்தவரே நல்ல தூண்டிற்காரர். இவ்வறிவில் உள்ளூர் மக்களை விஞ்சியவர் இல்லை. எனவே அவர்கள் வழிகாட்டிகளாகவும் பணிபுரிகின்றனர்.

ஹிமாசலப் பிரதேசத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி முடிய டிரவுட் நீர்களில் மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டுள்ளது. இத்தடை இனப்பெருக்கக் காலத்தைக் காப்பதற்காகவே விதிக்கப்பட்டது. பிடிக்கும் மீனின் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு. காஷ்மீரில் ஓடைகள் ‘பீட்’ எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே அனுமதி வழங்கப்படுகிறது. வெடிவைத்தும் நஞ்சு கலந்தும் மீன் கொல்வதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. மாநிலச் சட்டங்களும் அதனைத் தொடர்கின்றன. ஆனால் நீண்டு கிடக்கும் மலையாற்றைச் சில காவலர்களால் மட்டும் கண்காணிக்க இயலாது. கரையோரக் கிராமத்தினர் தம் பொருளாகக் கருதினால்தான் ஆறு காக்கப்படும்.

அவ்வாறு கருதுவதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. உணவுக்காக விற்கப்படும் மீன் ஒருமுறையே பணமாகிறது. தூண்டிற்காரர் பிடித்து, காயமின்றி மீண்டும் ஆற்றில் விடும் மீனோ உரிமக் கட்டணமாகவும், விடுதி வாடகையாகவும், வழிகாட்டியின் கூலியாகவும், வாகன வாடகையாகவும் பலமுறை பயன் தருகிறது. குலு மாவட்டத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கில் சிறு குடும்பங்கள் நடத்தும் தங்கும் இல்லங்கள் பல இவ்வருவாயைச் சார்ந்தவை. அவ்வாற்றின் தலைப்பகுதி பெரிய இமயமலைத் தேசியப் பூங்காவுக்குள் அமைந்துள்ளது. அப்பூங்கா 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பண்ணை வேறு, ஆறு வேறு

டிரவுட் வளர்ச்சி என்று பொதுவாகக் கூறும்போது இரண்டு தனித்தனிப் பணிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒன்று பண்ணை வளர்ப்பு; மற்றொன்று ஆற்று மீன்வளம்.

பண்ணையில் ஓடைநீரைத் திருப்பி, நீண்டு ஒடுங்கிய சிமெண்டுத் தொட்டிகளின் வழியே இடைவிடாது ஓடச் செய்து, அதில் செயற்கை உணவு கொடுத்து மீன் வளர்க்கின்றனர். செயற்கை உணவை எளிதில் ஏற்று விரைந்து வளர்வதால் வானவில் டிரவுட்டே இதற்கு ஏற்றது. சிறு நிலமே உடைய மலை விவசாயிக்கு இது நல்ல துணைத் தொழில். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் இத்தகைய தொட்டிகளுக்கும் பொரிப்பகங்களுக்கும் உதவி வழங்கப்படுகிறது. ஆனால் தீவன விலையும், மீனைக் கெடாமல் சந்தைக்குச் சேர்க்கும் குளிர்பதன வசதியுமே இத்தொழிலின் இலாபத்தைத் தீர்மானிக்கின்றன. 2023 ஜூலையில் பியாஸ் பள்ளத்தாக்கைத் தாக்கியது போன்ற பெருவெள்ளங்கள், ஆற்றை ஒட்டிய அமைப்புகளுக்கு எத்தகைய ஆபத்து நேரக்கூடும் என்பதை உணர்த்தியுள்ளன.

ஆற்று மீன்வளத்துக்குத் தீவனம் வேண்டியதில்லை, தொட்டியும் வேண்டியதில்லை. அதற்கு வேண்டுவது ஆறு ஒன்றே. பண்ணை உற்பத்தி பெருகியதைக் காட்டி ஆற்று மீன்வளமும் பெருகியதாகக் கொள்வது பிழையாகும். பண்ணையிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் எஞ்சிய தீவனமும் மலமும் கலந்திருப்பதால், படிவுத் தொட்டியில் தெளியவிட்ட பின்னரே அது ஆற்றில் சேர வேண்டும்.

மண்ணுக்குரிய மீன்கள்

டிரவுட் வருவதற்கு முன்னும் இமய நதிகள் மீனின்றி இருக்கவில்லை. ‘பனி டிரவுட்’ என்று வழங்கும் அசேலா முதலிய மீன்கள் உண்மையில் டிரவுட் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீழ்நோக்கி அமைந்த வாயால் பாறைகளில் படர்ந்த பாசியைச் சுரண்டி உண்பவை. மலை மக்களின் மரபான உணவு இவையே. மலையடிவாரத்தில் வாழும் பொன்னிற மஹ்சீர் பருவமழைக் காலத்தில் துணையாறுகளுக்குள் எதிரேறிச் சென்று முட்டையிடுகிறது. இதுவும் கெண்டைக் குடும்பத்தினதே. தூண்டிற்காரர்களால் உலகப் புகழ் பெற்றது.

இவ்விரு மீன்களும் இன்று நெருக்கடியில் உள்ளன. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பொன்னிற மஹ்சீரை அழியும் ஆபத்திலுள்ள இனமாகவும், அசேலாவை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகவும் வகைப்படுத்தியுள்ளது. மறுபுறம், பிற உயிரினங்களுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் அயல் உயிரினங்கள் நூறு கொண்ட உலகப் பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் ஆகிய இரண்டும் இடம் பெற்றிருப்பது சிந்திக்கத் தக்கது. பழுப்பு டிரவுட் பிற மீன்களின் குஞ்சுகளை இரையாகக் கொள்கிறது. இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடுகிறது.

நூறாண்டுக்கு மேல் நிலைபெற்றுவிட்ட டிரவுட்டை இனி நீக்குவது பெரும்பாலான ஆறுகளில் இயலாது. அதனைச் சார்ந்து வாழும் குடும்பங்களையும் மறக்க முடியாது. ஆனால் டிரவுட் இதுவரை எட்டாத ஓடைகளில் அதனைப் புதிதாக விடுவதற்கு இனி நியாயமில்லை. மரபான பாதுகாப்பு முறைகளும் நமக்கு வழிகாட்டுகின்றன. ஹிமாசலத்தில் ஜோகிந்தர்நகருக்கு அருகிலுள்ள மச்சியால் போன்ற புனித மடுக்களில் மஹ்சீர் மீன்களை மக்கள் தெய்வமாகப் போற்றி உணவளிக்கின்றனர். அங்கே எவரும் தூண்டில் போடுவதில்லை.

அணையும் ஓட்டமும்

மலையாற்று மீன்வளத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் மிகப் பெரிய காரணி நீர்மின் உற்பத்தியே. பியாஸ் நீரைச் சுரங்கங்களின் வழியே சட்லெஜ் ஆற்றுக்குத் திருப்பும் பண்டோ அணை 1977-இல் நிறைவுற்றது. அதன்பின் பியாஸின் துணையாறுகளிலும் திட்டங்கள் பெருகின. சைஞ்ச் ஆற்றின் நீரைக் கொண்டு 520 மெகாவாட் திறனுள்ள பார்வதி மூன்றாம் நிலைத் திட்டம் இயங்குகிறது. லார்ஜியில் பியாஸ் ஆற்றில் 126 மெகாவாட் திட்டம் அமைந்துள்ளது.

இவற்றில் பல, பெருந்தேக்கம் இல்லாத ‘ஓடும் நீர்’த் திட்டங்கள் எனப்படுகின்றன. பெயரைக் கேட்டால் ஆறு வழக்கம்போல் ஓடும் என்று தோன்றும். ஆனால் குறுக்கணையில் மறிக்கப்பட்ட நீர் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் சென்று, பல கிலோமீட்டர் கீழேயுள்ள மின்நிலையத்தில்தான் மீண்டும் ஆற்றைச் சேருகிறது. இடைப்பட்ட பகுதியில் விடப்படும் சிறு அளவு நீரே ஆறாகிறது. மாலை நேர மின்தேவைக்காக நீரைத் தேக்கி வைத்துத் திடீரெனத் திறந்துவிடும்போது, கீழ்ப்பகுதியின் நீர்மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்குகிறது. வண்டலை வெளியேற்ற மதகுகளைத் திறக்கும்போது கற்களின் இடுக்குகள் சேற்றால் அடைபடுகின்றன.

குளிர்காலத்தில் உயர்மலைப் பனி உறைந்து கிடப்பதால் ஆற்றில் நீர்வரத்து மிகக் குறைவு. மின்உற்பத்திக்கு ஒவ்வொரு துளியும் தேவைப்படுவது அப்போதுதான். டிரவுட் முட்டைகள் கூழாங்கற்களுக்கடியில் இருப்பதும் அதே மாதங்களில்தான். குறுக்கணைக்குக் கீழே குளிர்காலத்துக் குறைந்தபட்ச ஓட்டத்தில் 15 விழுக்காட்டை விட வேண்டும் என்பது ஹிமாசலத்தின் விதி. ஏற்கெனவே மெலிந்த ஓட்டத்தில் இவ்வளவே எஞ்சினால், முட்டையிட்ட இடங்கள் பல நீர்விளிம்புக்கு வெளியே போய்விடும். கங்கையின் மேற்பகுதிக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை பருவத்துக்கேற்ப அளவை மாற்றி, சராசரி மாத ஓட்டத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 விழுக்காடும், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடும், எஞ்சிய மாதங்களில் 25 விழுக்காடும் விடவேண்டும் என வகுத்தது. பருவ வேறுபாட்டை ஏற்ற வகையில் இது ஒரு முன்னேற்றமே. ஆயினும் முட்டைகளுக்கு நீர் மிகவும் தேவைப்படும் மாதங்களுக்கே இதிலும் குறைந்த விழுக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது.

மலை மாநிலங்களுக்கு மின்சாரம் வேண்டா என்பது இதன் பொருளன்று. அம்மாநிலங்களின் வருவாயில் நீர்மின்சாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு ஆற்றையும் ஒரே பயனுக்கு உட்படுத்த வேண்டியதில்லை என்பதே கருத்து. தீர்த்தன் ஆற்றில் நீர்மின் திட்டங்கள் அமைப்பதில்லை என்று ஹிமாசல அரசு முடிவு செய்தது. டிரவுட் வளமும் அப்பள்ளத்தாக்கு மக்களின் உறுதியும் இம்முடிவுக்குத் துணை நின்றன. அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் பாயும் சைஞ்ச், தீர்த்தன் ஆகிய இரண்டும் லார்ஜிக்கருகே பியாஸ் ஆற்றில் சேருகின்றன. ஒன்று மின்சாரம் தருகிறது. மற்றொன்று மீனும் சுற்றுலாவும் தருகிறது. ஆறுகளைப் பகுத்துத் திட்டமிடலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

செய்யத்தக்கன

முதலாவதாக, ஒவ்வொரு ஆற்றுப்படுகையிலும் குறைந்தது ஒரு துணையாறேனும் தடையின்றி ஓட விடப்பட வேண்டும். மின்திட்டங்கள் தனித்தனியே ஆராயப்படுவதற்குப் பதிலாக, படுகை முழுவதையும் கருத்திற் கொண்டு ஆராயப்பட வேண்டும்.

இரண்டாவதாக, விடுவிக்கும் நீரின் அளவு மீன்களின் இனப்பெருக்க மாதங்களைக் கொண்டு வகுக்கப்பட வேண்டும். அளவுமானிகளின் பதிவுகள் பொதுமக்கள் காணும்படி வெளியிடப்பட வேண்டும். குளிர்கால மாதங்களில் வண்டல் வெளியேற்றுவதையும் படுகையில் சரளை அள்ளுவதையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவதாக, குஞ்சு விடும் முன் அந்த ஆற்றில் என்னென்ன மீன்கள் உள்ளன, அவை அங்கே முட்டையிடுகின்றனவா என ஆய்வு செய்ய வேண்டும். பொரிப்பகங்களின் திறனில் ஒரு பகுதியை அசேலாவுக்கும் மஹ்சீருக்கும் ஒதுக்க வேண்டும்.

நான்காவதாக, உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு கரையோர ஊராட்சிகளுக்கு நேரடியாகச் சேரவேண்டும். ஆற்றுக் காவலில் உள்ளூர் இளைஞர்களை ஊதியத்துடன் ஈடுபடுத்தினால், வெடிவைத்து மீன் பிடிப்பவரை முதலில் தடுப்பவர் அவர்களாகவே இருப்பர்.

குளிர்ந்த, தெளிந்த நீரிலேயே டிரவுட் செழித்து வாழும். எனவே அம்மீன் தானாகப் பெருகும் ஆறு அசேலாவுக்கும், கரைகளில் வாழும் மக்களின் குடிநீருக்கும் ஏற்ற ஆறாகவே பெரும்பாலும் இருக்கும். பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கொண்டு ஆண்டுதோறும் நிரப்ப வேண்டிய ஆறோ, தன்னிடம் உள்ள குறையை நமக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்த அறிவிப்பைப் புள்ளிவிவரங்களால் மறைக்காது, குறையைக் களைய முற்படுவதே திட்டமிடுவோரின் கடமையாகும்.